பாதிப் பாகற்காய்க் குழம்பு

போன வாரம் அக்கா மகள் வெளிநாட்டிலிருந்து வந்தவள் என் கையில் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனாள். பெட்டியின் மேல் பச்சைப்பசேலென்று ஒரு பாகற்காய்ப் படம். உள்ளே நூல் கட்டிய குட்டிக் குட்டிப் பைகள். "வெந்நீர்ல முக்கி எடுத்துக் குடிங்க மாமா, சுகருக்கு நல்லது. அதுக்காக மாத்திரைய நிறுத்திடாதீங்க" என்றாள். பாகற்காயில் டீயா என்று நான் வாயைப் பிளப்பேன் என எதிர்பார்த்திருப்பாள் போல. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் போன பிறகு ஒரு பையை எடுத்துத் தம்ளரில் போட்டு வெந்நீர் ஊற்றினேன். ஆவி மூக்கில் ஏறியது. உங்களுக்கு இந்த வாசனை தெரியுமோ என்னவோ. காய்ந்த புல்லை லேசாக வறுத்தது மாதிரி இருக்கும், அடியில் ஒரு பச்சைக் கசப்பு ஓடும். நாக்குக்குப் போவதற்கு முன்பே தொண்டைக்குத் தெரிந்துவிடும். தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறையிலேயே நின்றுவிட்டேன். நான் நின்றது என் வீட்டுச் சமையலறையில் இல்லை. அம்பத்தூர் பக்கம் கள்ளிக்குப்பத்தில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஓர் அறையில், காலை வெயில் ஏற ஆரம்பிக்கிற நேரத்தில்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் கம்பெனியில் வேலை. பெயரைக் கேட்டு ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொண்ட சொந்தக்காரர்கள் உண்டு. இரும்புச் சாமான்களை உலையில் போட்டுச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெய்த் தொட்டியில் முக்கி எடுத்தால் அவை இறுகிக் கெட்டிப்படும். அவ்வளவுதான் சிகிச்சை. ஒருமுறை உலையை அணைத்தால் மறுபடி சூடேற்ற ஒரு பொழுது ஆகிவிடும் என்பதால் அதை அணைப்பதே கிடையாது. ராத்திரியெல்லாம் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். கல்யாணமானவர்கள் நழுவிக்கொண்டார்கள், அம்மா வீட்டோடு இருப்பவர்கள் நழுவிக்கொண்டார்கள். "உனக்கென்னப்பா, யாரு காத்துக்கிட்டு இருக்கா?" என்று முதலாளி என் தோளில் தட்டினார். தமாஷாகத்தான் கேட்டார். சரியாகவும் கேட்டுவிட்டார். நிரந்தர நைட் ஷிப்ட் ஆனேன்.

கள்ளிக்குப்பம் அறையில் நாங்கள் நான்கு பேர். ஆனால் நீட்டிப் படுத்தால் மூன்று பாய்தான் விரிக்க முடியும். நைட் ஷிப்ட்காரனும் பகல் ஷிப்ட்காரனும் ஒரே பாயைப் பங்குபோட்டுக்கொள்வது அப்போது எஸ்டேட் பக்கம் சகஜம். என் பாயின் இன்னொரு பங்காளி தயாளன். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல்காரன். அவன் வீடு ஒன்றும் தூரத்தில் இல்லை, நெமிலிச்சேரியில்தான். ஒற்றை அறை வீடு. அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதும் தம்பிக்குப் படுக்க இடமில்லாமல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரயிலேறிப் போய் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வருவான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பல மாதங்கள் நாங்கள் ஒருவரையொருவர் சரியாகப் பார்த்ததே இல்லை. நான் காலையில் வருவதற்குள் அவன் போயிருப்பான். ஓவர்டைம் முடித்து அவன் திரும்புவதற்குள் நான் போயிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை நான் அடித்துப் போட்டது மாதிரி தூங்குவேன், அவன் ஊரில் இருக்கமாட்டான். எனக்குத் தெரிந்த தயாளன், தலையணையில் ஒரு பள்ளம், கொஞ்சம் தேங்காய் எண்ணெய் வாசம், பாய் முழுக்க நூல் பிசிறு. நீல நூல் ஒட்டியிருந்தால் நீலச் சட்டை ஆர்டர் ஓடுகிறது. சிவப்பு ஒட்டியிருந்தால் சிவப்பு. அதைத் தட்டிவிட்டுப் படுப்பேன். அவனுக்கு என்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம் எண்ணெய்ப் புகை நாற்றமாக இருந்திருக்கும், பாவம்.

பகலில் தூங்குகிறவனின் தனிமையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஊரே விழித்திருக்கும்போது ஒருத்தன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பது பெரிய துக்கமா என்பீர்கள். கேளுங்கள். மீன்காரம்மா கூவிக்கொண்டு போவாள். பக்கத்து வீட்டில் குழந்தைக்குச் சோறூட்டுவார்கள். யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எல்லாம் காதில் விழும், எதுவும் நமக்கில்லை. சாயங்காலம் எழுந்தால் அறையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். சில நாள் நான் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை, ஷிப்ட் ஏறும்போது வாட்ச்மேனிடம் சொன்ன "ம்" ஆக இருக்கும்.

சாயங்காலம் அறையில் இருக்கிறவன் நான் ஒருத்தன்தான் என்பதால் சமையலும் என் தலையில் விழுந்தது. ஆக்கி இறக்கி, நானும் கொஞ்சம் சாப்பிட்டு, காலைக்கு என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்துவிட்டுப் போவேன். காலையில் வந்து பார்த்தால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தது போல இருக்கும். உலைக்கு முன்னால் ராத்திரியெல்லாம் நின்றவனுக்குக் காலையில் எடுக்கிற பசி இருக்கிறதே, அதைக் கண்டவர் யாருமில்லை. அறையில் இருந்த குமாரிடம் கேட்டேன். புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவன், வாய் ஓயாதவன்.

"உனக்குன்னு எட்த்து வச்சோம் மாமே. எப்டியோ தீந்துட்ச்சு" என்றான். முகத்தில் குற்றம் செய்த களையே இல்லை.

அப்போதுதான் பாகற்காய் வந்தது. எங்கள் கம்பெனியின் பின்பக்கக் கம்பிவேலியில், தண்ணீர்த் தொட்டி கசிகிற இடத்தில், யாரும் விதைக்காமல் ஒரு கொடி படர்ந்திருந்தது. மிதிபாகல். கட்டைவிரல் நீளத்தில், உடம்பெல்லாம் முள்ளாக, பார்க்க முரட்டுக் குழந்தை மாதிரி இருக்கும். பழுத்தது வெடித்து ஆரஞ்சு நிறத்தில் வாயைப் பிளந்துகொண்டு தொங்கும். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வரும்போது சட்டை மடியில் கொஞ்சம் பறித்துக்கொண்டு வந்து, சாயங்காலம் புளிக்குழம்பு வைத்துவிட்டுப் போனேன்.

மறுநாள் காலை குழம்பு அப்படியே இருந்தது. ஒருவரும் தொடவில்லை. குமார் மட்டும் சோப்புப் பெட்டியோடு வெளியே போகிறபோது நின்று, "இன்னா மாமே, ஊட்ல விஷத்த ஆக்கி வச்சிகினு வேலைக்குப் போறே?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் கேவலம். அடியில் மிஞ்சிய சோற்றைப் போட்டு, ஆறிய குழம்பை ஊற்றிப் பிசைந்து, அறையில் தனியாக உட்கார்ந்து தின்றேன். அன்றிலிருந்து மற்றவர்களுக்கு ஒரு ரசமோ சாம்பாரோ, எனக்கு ஒரு சின்னச் சட்டியில் பாகற்காய் என்று ஆயிற்று. யாரும் பிடுங்கித் தின்னாத பண்டம் என்று இந்த உலகத்தில் எனக்கு ஒன்று இருந்தது. அது கசப்பாக இருந்தது என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செய்முறை கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். பாகற்காயை உப்புப் போட்டுப் பிசிறிப் பிழிந்து கசப்பை எடுத்துவிட வேண்டும் என்பார்கள். நான் பிழிய மாட்டேன். பிழிந்துவிட்டால் கத்தரிக்காயை வாங்கியே சமைத்திருக்கலாமே. நல்லெண்ணெயில் தோல் சுருங்கும் வரை வதக்கி, சின்ன வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், கடைசியில் சுண்டைக்காய் அளவு வெல்லம். எண்ணெய் மேலே மிதக்கும் வரை சுண்டவிட்டால் மறுநாளும் கெடாது. ஆறினால்தான் ருசி.

இப்படிச் சில வாரம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் மூடியைத் திறந்தால் குழம்பு பாதிதான் இருந்தது. மறுநாளும் பாதி. அதற்கடுத்த நாளும் பாதி. கொஞ்சம் கூடவோ குறையவோ இல்லை, கரண்டியால் கோடு போட்டுப் பிரித்த மாதிரி. பூனையாக இருக்குமோ என்று பார்த்தேன். பூனைக்குத் தின்ற பிறகு மூடி போட்டு அதன் மேல் அம்மிக்குழவியை எடுத்து வைக்கத் தெரியாது. குமாரிடம் கேட்டேன். "அத்த துன்றவன் மன்சனே இல்ல மாமே" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

ஆள் பிடிபட்டது தற்செயலாகத்தான். எஸ்டேட்டில் டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்ட் போய், உலை ஆறிவிட்டது. இனி நின்று என்ன செய்வது என்று விடிகிற நேரத்திலேயே என்னை அனுப்பிவிட்டார்கள். அறைக் கதவைத் தள்ளினால், வாசற்படிக்குள்ளே குந்தி உட்கார்ந்து தயாளன் என் சட்டியிலிருந்து ஒவ்வொரு பாகற்காயாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான். சோறு இல்லை, ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் முகத்தைச் சுளித்தான். ஆசையாகத் தின்கிறவன் முகம் இல்லை அது.

என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "இன்னா அண்ணாத்தே, சீக்கிரம் வந்துகினே?"

"பிடிக்காததை ஏன்டா இப்படிக் கஷ்டப்பட்டுத் தின்னுறே?"

மற்றவர்கள் தூங்குகிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "சுகர் கீதாம் அண்ணாத்தே. ஆஸ்பத்திரில சொல்ட்டாங்க. மாத்திர துன்னுகினுதான் கீறேன். பாவக்காயும் நல்லதுன்னாங்க. யார்கிட்டயும் சொல்லிடாத, உனக்குப் புண்ணியமாப் போவும்."

பட்டன் போட்டு வைக்கிற தகர டப்பாவைத் திறந்து காட்டினான். வெள்ளைப் பட்டன்களுக்கு அடியில் வெள்ளை மாத்திரைகள். ஒல்லிப் பையன். மீசைகூட இன்னும் ஒழுங்காக முளைக்காத மாதிரி முகம். வயதானவர்களுக்கு வருகிற நோய் என்று நாங்களெல்லாம் நினைத்துக்கொண்டிருந்த காலம். "நாளையிலேர்ந்து கொஞ்சம் கூடவே வைக்கிறேன்" என்றேன்.

அதற்குப் பிறகு நான் இரண்டு பேருக்குச் சமைத்தேன். பாதி அவனுக்கு, பாதி எனக்கு. அப்போதும் அதிகம் பார்த்துக்கொள்ளவில்லை, ஷிப்ட் விடவில்லை. ஆனால் கொடுக்கல் வாங்கல் இருந்தது. ஒரு நாள் காலை, என் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு தம்ளர், தட்டு போட்டு மூடி. உள்ளே பழுப்பு நிறத்தில் சூடாக ஏதோ. ஒரு வாய் குடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாகற்காய் டீ. பூந்தமல்லியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாராம். காயை வட்டம் வட்டமாக அரிந்து, வெயிலில் சருகாகக் காயவைத்து, வெறும் சட்டியில் புரட்டி, கொதிக்கவைத்துக் குடி, ஆனால் டாக்டர் சொன்னதை விட்டுவிடாதே என்று. ஜன்னல் மாடத்தில் பேப்பர் விரித்து வட்டங்கள் காய ஆரம்பித்தன. தினமும் ஒரு தம்ளர் அவனுக்கு, ஒரு தம்ளர் எனக்கு. எனக்கு நோய் இல்லை, குடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் எனக்கென்று ஒருத்தன் மூடி வைத்துவிட்டுப் போனதை நான் எப்படிக் கொட்டுவேன்?

என் சட்டையில் அக்குள் கிழிந்திருந்தால் மறுநாள் காலை அது தைத்து மடித்துப் பாய்மேல் இருக்கும். அவன் தலையணை உறையை நான் என் துணியோடு துவைத்துப் போடுவேன். கண்ணால் பார்க்காமலே எனக்கு ஒரு சிநேகிதன் கிடைத்துவிட்டான். காலையில் எஸ்டேட்டிலிருந்து திரும்பும்போது நடையில் ஒரு வேகம் வந்திருந்தது. தம்ளர் ஆறிவிடுமே என்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ரயிலுக்குக் கிளம்பும் முன் என்னை எழுப்பினான். "அண்ணாத்தே, ஒரு மேட்டரு." மேட்டரின் பெயர் செல்வி. அவன் கம்பெனியில் தைத்து முடித்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுகிற பெண். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். தையல் மிஷின் வரிசை ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு மர டோக்கன். அதை எடுத்துக்கொண்டுதான் யாரும் எழுந்து ஒன்றுக்குப் போக வேண்டும். டோக்கன் மாட்டுகிற கொக்கி சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும். சுகர்க்காரனுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். செல்வி சட்டை கொண்டுபோகிற சாக்கில் டோக்கனை எடுத்துவந்து, ஒன்றும் தெரியாதவள் போல இவன் மிஷினில் வைத்துவிட்டுப் போவாளாம். அப்படி ஆரம்பித்த பழக்கம்.

"அவுங்க அப்பா ஒத்துகினாரு. சேக்காட்டு ஆளு, ஆவடி ஃபேக்டரில வேல. ஆனா பையன் எப்படின்னு ரூமாண்ட வந்து விசாரிச்சுட்டுதான் தட்டு மாத்துவேன்னுட்டாரு." அவன் குரல் உடைந்தது. "சுகர் கீதுன்னு தெரிஞ்சா அவ்ளோதான் அண்ணாத்தே. எந்தத் தகப்பன் குடுப்பான்? அவள உட்டா எனக்கு ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணும் ஆகாது, போ" என்றேன். அவன் போன பிறகு பாயில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் நடந்தால் அவனுக்கு வாழ்க்கை. எனக்கு முழுப் பாய். இதுவும் அப்போதே தெரிந்துதான் இருந்தது.

விசாரிக்க வருகிறவர்கள் சாயங்காலமாக, நாலு பேர் இருக்கிற நேரமாக வருவார்கள் என்று நாங்கள் நினைத்தோம். செல்வியின் அப்பா ஃபேக்டரி ஷிப்ட் முடிந்த கையோடு, காக்கி உடுப்பில், சைக்கிளை மிதித்துக்கொண்டு மத்தியானம் வந்து நின்றார். அந்த நேரத்தில் அறையில் இருந்த ஒரே ஜீவன், வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த நான். தயாளனை நேரில் விரல்விட்டு எண்ணுகிற அளவே பார்த்த ஒருத்தனிடம் வந்து, "பையன் எப்படி தம்பி?" என்று கேட்டார்.

எழுந்து லுங்கியைச் சரிசெய்துகொண்டு, முகத்தைக் கழுவி, உட்காரச் சொன்னேன்.

"குடிப்பானா?"

"இல்ல சார்."

"சிகரெட்?"

"பாய்ல நூல்தான் சார் ஒட்டியிருக்கும். சாம்பல் ஒட்டி நான் பாத்ததில்ல."

பெரியவருக்கு இந்தப் பதில் பிடித்துப்போனது. சிரித்தார். என் ஊர், வேலை, வீட்டில் யார் யார் என்று பேச்சு என் பக்கம் திரும்பியது. ராத்திரி வேலைக்குப் போய்க்கொண்டே எல்லாருக்கும் சமைத்து வைக்கிறேன் என்று கேட்டதும், "பரவாயில்லையே" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு இன்னொரு பொண்ணும் கீது தம்பி. சின்னது. டைப்ரைட்டிங் போவுது" என்றார். எதற்குச் சொன்னார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. காதெல்லாம் சூடாகிவிட்டது. என்னை அந்தக் கண்ணோடு ஒரு மனிதர் பார்த்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் அவர் ஜன்னல் மாடத்தைப் பார்த்தார். பேப்பரில் வரிசையாக வட்டம் வட்டமாய்ப் பாகற்காய். முகம் மாறியது. எழுந்து போய் ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

"இது சமைக்கிறதுக்குக் காயவச்சது இல்லையே. எங்கூட்ல எம் பொஞ்சாதிக்கு இப்படித்தான் போடுவோம்." என் பக்கம் திரும்பினார். "இங்க யாருக்கு சுகரு?"

மாடத்தில் தயாளனின் பட்டன் டப்பா இருந்தது. கொடியில் அவன் சட்டை தொங்கியது. அவர் கண் அந்தச் சட்டைக்குப் போவதை நான் பார்த்தேன்.

"எனக்குத்தான் சார்" என்றேன்.

யோசித்துச் சொன்னேன் என்று பெருமையடித்துக்கொள்ள ஆசைதான். யோசிக்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் கதவு தட்டினால் "இதோ வரேன்" என்போமே, அப்படி வாயில் வந்துவிட்டது.

"அட பாவமே. இந்த வயசுலயா?" அவர் உட்காராமலே நின்றார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் இருந்த அந்தப் பார்வை மட்டும் இல்லை. மாத்திரை ஒழுங்காகப் போடச் சொன்னார், வெறுங்காலோடு நடக்காதே என்றார். சின்னப் பெண்ணைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை. சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும்போது, "தயாளன் நல்ல பையன்னு சொல்றே, அது போதும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு தயாளனிடம் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "இன்னா அண்ணாத்தே, எனுக்கோசரம் உம் பேர கெடுத்துகினே? மறச்சுக் கட்டிக்கினா நாளைக்கு அவ மூஞ்சில எப்டி முழிப்பேன்?" மறுநாளே போய் செல்வியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

செல்வி சிரித்தாளாம். "எங்கம்மாவ பாத்துகினு வளந்தவ நான். மணிக்கொருக்கா டோக்கன் தூக்குறவனுக்கு இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான கொண்டாந்து வச்சேன். அப்பாகிட்ட நான் பாத்து சொல்லிக்கிறேன், நீ கம்முனு கெட" என்றாளாம்.

ஆக, செல்வியிடம் என் பொய்க்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. அது என்னோடு மட்டும் தங்கிவிட்டது. செல்வி அப்பாவிடம் பக்குவமாகச் சொன்னது கல்யாணத்துக்கு ரொம்ப நாள் பிறகு என்று கேள்விப்பட்டேன். அதற்குள் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் நான் "அந்த சுகர் பையன்" ஆகியிருந்தேன். அதனால்தான் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று சொல்லமாட்டேன். நிரந்தர நைட் ஷிப்ட்காரனுக்கு எந்த மகராசன் பெண் கொடுப்பான்? ஆனாலும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்தத் தட்டச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் நின்று கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை.

கல்யாணம் சேக்காட்டில், அவர்கள் வீட்டுத் தெருவையே அடைத்துப் பந்தல் போட்டு நடந்தது. முதல் பந்தியில் என்னைக் கையைப் பிடித்து உட்காரவைத்தவர் பெண்ணின் அப்பா. பாயசத் தூக்கோடு ஆள் வந்தபோது எங்கிருந்தோ ஓடி வந்து என் இலைக்கு மேல் கையை நீட்டி மறைத்தார். "தம்பிக்கு வேணாம்பா. தம்பிக்கு சுகரு." பந்தி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. எனக்கென்று வீட்டிலேயே சொல்லிச் செய்ததாம், ஒரு கிண்ணத்தில் பாகற்காய்ப் பொரியல் வந்தது. எதிர் வரிசையில் மாப்பிள்ளையும் பெண்ணும். மாப்பிள்ளைக்கு யாரோ தம்ளர் நிறையப் பாயசம் வைத்தார்கள். செல்வி தலையை நிமிர்த்தாமலே, ஒரு விரலால் அந்தத் தம்ளரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். தயாளன் என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. நான் பொரியலை எடுத்து வாயில் போட்டு, "நல்லா கீது" என்று அவன் பாஷையிலேயே தலையாட்டினேன். பொய் இல்லை, நல்ல முறுகலாகவே வறுத்திருந்தார்கள். பாயசத்தின் ஏலக்காய் வாசனை மட்டும் மூக்கை விட்டுப் போகவில்லை.

அவர்கள் பூந்தமல்லியில் குடித்தனம் வைத்தார்கள். தயாளன் எக்ஸ்போர்ட் வேலையை விட்டுவிட்டு, டோக்கன் இல்லாத சின்னத் தையல் கடை ஒன்று போட்டான். ஒருமுறை போயிருந்தேன். செல்வி பாகற்காய் டீ போட்டுக் கொடுத்தாள். அவனும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சிரித்தோம். எங்களுக்கு மூடி வைத்துவிட்டுப் போய்ப் பழக்கம், முகத்தைப் பார்த்துப் பேசிப் பழக்கமில்லை. "அப்புறம் அண்ணாத்தே?" என்றான். "அப்புறம் என்ன?" என்றேன். அவன் மிஷினை மிதிக்க ஆரம்பித்தான். நான் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

அறையில் எனக்கு முழுப் பாய் கிடைத்தது. நூல் பிசிறு இல்லாத சுத்தமான பாய். நான் பாகற்காய்க் குழம்பை அதே அளவில்தான் வைத்தேன். காலையில் வந்தால் சட்டி நிறைய அப்படியே இருக்கும். மூடி மேல் நான் வைத்த குழவி வைத்த இடத்தில் இருக்கும். குமார்கூட ஒரு நாள் இரக்கப்பட்டு, "மாமே, நா வேணா ஒரு வாய் துன்னு பாக்கட்டா?" என்றான். தின்றும் பார்த்தான். ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தான். நல்ல பையன் அவனும்.

அப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று. எங்கள் உலையை ஒரு நாள் நிஜமாகவே அணைத்தார்கள். அது ஆறுவதற்கு ரொம்ப நேரம் ஆனது, கூடவே உட்கார்ந்திருந்தேன். கம்பிவேலியைப் பிடுங்கி மதில் கட்டினார்கள், கொடி போயிற்று. கள்ளிக்குப்பம் அறைகள் இருந்த இடத்தில் இப்போது லிஃப்ட் வைத்த கட்டடம். அந்த எக்ஸ்போர்ட் கம்பெனி எங்கே இருந்தது என்று கேட்டால் ஆட்டோக்காரர்களுக்கே தெரியவில்லை. பூந்தமல்லிக்குப் பிறகொரு நாள் போனபோது, தையல் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. எங்கே போனார்கள் என்று பக்கத்தில் விசாரித்தேன். "கட பேரு இன்னா?" என்று கேட்டார்கள். கடைக்குப் பெயர் இருந்ததா என்றே எனக்கு நினைவில்லை.

போன வருடம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு சுகர் இருக்கு, தெரியுமா?" என்று கேட்டார். "ரொம்ப வருஷமா இருக்குன்னு ஊருக்கே தெரியும் சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அக்கா மகள் கொடுத்த டீயை அன்று முழுசாகக் குடித்தேன். நூல் கட்டிய பையில் வந்தாலும் கசப்பு அதே கசப்புதான். குடித்துவிட்டுக் கடைக்குப் போய் மிதிபாகல் கேட்டேன். மிதிபாகல் இல்லை, நீளப் பாகற்காய்தான் இருந்தது. வாங்கிவந்து, பிழியாமல், சுண்டவிட்டுக் குழம்பு வைத்தேன். ராத்திரி பாதியைச் சாப்பிட்டேன். மீதியைச் சட்டியிலேயே விட்டு, மூடி போட்டு, மேலே எதையாவது வைக்க வேண்டுமே என்று தேடி, கடைசியில் மிக்ஸி ஜாரைத் தூக்கி வைத்தேன். இந்த வீட்டில் நான் ஒருத்தன்தான். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

காலையில் எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் போய் மூடியைத் திறந்து பார்த்தேன். பாதி அப்படியே இருந்தது.